அம்மன் லோடில் நின்றுபோன கம்ப்யூட்டர்

போன வருடம், மழைக்காலம் முடிந்து மரக்காணத்தில் புது உப்பு லோடு ஏற்றத் தொடங்கிய முதல் நாள் காலை அது.

நான் பத்தாவது வரை படித்தவள். ஓர் உப்பு கம்பெனியின் லோடு ஆபீசில் சீட்டுப் போடுகிறேன். லாரி எண், மூட்டை, வாடகை இவற்றைக் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அடித்தால், சென்னை ஆபீசில் உள்ள பெரிய கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு இங்கே சீட்டை அச்சடிக்கும். சீட்டு இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது.

அன்றைய முதல் சீட்டிலேயே திரை அசையாமல் நின்றுவிட்டது. அடுத்து அடித்ததெல்லாம் அதன் பின்னால் காத்துக் கிடந்தது.

"என்னத்தம்மா அமுக்கின?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"நாளையிலேருந்து நீ பேக்கிங் பக்கம் போயிடு. இங்க வேற ஆளை உட்கார வெக்கிறேன்."

ஒரு லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "யக்கா, சீக்கிரம் குடுங்க. மேகம் கட்டுது. உப்பு திரும்ப கடலுக்கே போயிடப் போவுது." எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மேனேஜர் போன் போட்டார். இந்தச் சீட்டுப் புரோகிராமை எழுதிய மேடம் புதுச்சேரியில் இருந்ததால் பஸ் பிடித்து மதியத்துக்குள் வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும்.

"இவங்க ஏதோ தப்பா அடிச்சிட்டாங்க மேடம்" என்றார் மேனேஜர்.

"நாங்க எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்தோம் சார், நிக்கவே இல்ல" என்ற மேடம், புரோகிராமை வரி வரியாக நின்று போகும்படி செய்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன தப்புன்னு சொல்ல வேணாங்க. காலையில வந்ததும் எப்படிச் செஞ்சீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

லாரி எண் இருக்க வேண்டிய இடத்தில் 'அம்மன்' என்று அடித்தேன். மூட்டை சைபர். வாடகை சைபர்.

"இது என்ன லோடு?"

"அம்மன் லோடுங்க. வருசத்துல முதல் சீட்டு அம்மனுக்குத்தான். மூட்டை ஏறாது. சீட்டை மட்டும் கோயில்ல வெச்சி சூடம் காட்டுவோம்."

எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அதனால் மேடத்திடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். மழைக்காலத்தில், ஒரு மூட்டைக்கு எவ்வளவு என்று பார்க்க, வாடகையை மூட்டையால் வகுக்கும் ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்திருந்தாராம். சைபரால் வகுக்கச் சொன்னதும் கம்ப்யூட்டர் திகைத்து நின்றிருக்கிறது.

"தப்பு என்னுதுதான் சார். மூட்டையே இல்லாம சீட்டு வரும்னு நான் நினைக்கல."

"அப்ப அம்மன் சீட்டை நிறுத்திடலாமா?"

"எதுக்கு சார்? மூட்டை சைபரா இருந்தா வகுக்காம தாண்டிப் போன்னு ஒரு வரி போட்டாப் போதும். அம்மனை நிறுத்திட்டு நான் ராத்திரி எப்படித் தூங்கறது?"

கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. "அம்மன் லாரி கிளம்பிடுச்சி, வழி விடுங்கப்பா" என்று அதே லாரிக்காரர் கத்த, ஆபீசே சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "மேடத்துக்கு டீ சொல்லும்மா. உனக்கும் சேத்து சொல்லு. நாளைக்கு இன்னும் நிறைய லாரி வரும், நேரத்தோட இங்கயே வந்து உட்காரு" என்றார்.

வீட்டில் மிக்சி ஓடாவிட்டால் "என்னடி பண்ணின?" என்று மகளிடம் கத்துகிறவளாக இருந்தேன். இப்போது "எப்படிப் போட்ட, காட்டு" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன். முதல் கேள்வியில் வரும் நடுக்கம் இரண்டாவது கேள்வியில் எப்படி அடங்கிப்போகிறது என்பதை ஒரே நாளில் அனுபவித்தவள் நான்.