சாராள் அடித்த வினாத்தாள்கள்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுத்தவர் சாராள். 2022 வரை ஒரு தாள்கூட முன்கூட்டி வெளியே போனதில்லை. தலைமை எழுத்தராக இருந்த நான்தான் ஆசிரியர்களின் கையெழுத்துப் பிரதிகளை அரக்கு வைத்து அவர் வீட்டில் கொடுப்பேன். ஓய்வுக்குப் பிறகும் அந்த வேலை என்னிடமே இருந்தது.

அவருடைய கம்ப்யூட்டரில் நெட் இணைப்பு கிடையாது. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அடிக்கும்போது யாராவது உள்ளே வந்தால் திரைமேல் துண்டைப் போட்டு மூடுவார். மகன் வழிப் பேத்தி எப்சி எங்கள் பள்ளியில்தான் ஒன்பதாம் வகுப்பு படித்தாள்.

2022 ஜூலையில் அந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. சரிசெய்ய முடியாது என்றார்கள். சாராளிடம் பதினைந்தாயிரம்தான் இருந்தது. மேடவாக்கத்திலிருந்து மகன் காலேப் வந்து, ஏதோ ஆபீஸில் கழித்த ஒன்றை அந்தப் பணத்துக்குள் வாங்கி வைத்தான். அப்போது நானும் இருந்தேன்.

"முதல்ல நெட்டும் அக்கவுன்டும் கேக்குதும்மா. என் போன்லயே நெட் குடுத்து, என் அக்கவுன்டையே போட்டுட்டேன்."

"நெட்டு எனக்கு ஆவாதுடா."

"நீ இன்னா ராணுவ ரகசியமா அடிக்கிற?" என்று சிரித்தான்.

செப்டம்பரில், ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுக் கணக்குத் தாள் தேர்வுக்கு முந்தின நாள் மாலையே பிள்ளைகளின் போன்களில் சுற்றியது. தாளாளர் தேவானந்தம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"என் வீட்டைவிட்டு எதுவும் போவல சார்," என்றார் சாராள்.

அன்று இரவே, நானும் அங்கே இருக்கும்போது, காலேப் வந்து கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆபீஸ் லேப்டாப்புக்காகப் போனில் நெட்டைத் திறந்து வைத்திருக்கிறான். அம்மாவின் கம்ப்யூட்டரும் தானாக அதில் இணைந்து, அவர் அடித்ததையெல்லாம் அவன் கணக்கில் சேர்த்திருக்கிறது. அதே கணக்கு எப்சியின் டேப்லெட்டிலும் இருந்தது. அவள் பார்த்துவிட்டு ஒரு தோழிக்கு அனுப்பியிருக்கிறாள்.

"உள்ளதைச் சொல்லிடலாம்டா," என்றார் சாராள்.

"சொன்னா எப்சிக்கு டிசி குடுத்துடுவாங்கம்மா. உனக்கு இன்னா? அப்பா பென்ஷன் வருதில்ல."

நான் பேச வாயெடுத்தேன். "சார், நீங்க எதுவும் சொல்லக் கூடாது," என்று சாராள் தடுத்தார். அவர் போன ஆண்டு இறந்தார். எப்சி பள்ளியை முடித்துவிட்டாள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

விசாரித்த மறுநாள் சாராள் தாளாளர் முன் நின்று, "திரையை மூடாம எழுந்து போய்ட்டேன் சார். யார் பார்த்தாங்கன்னு தெரியல. தப்பு என்னுதுதான்," என்றார்.

"கர்த்தருக்கு முன்னால சொல்றீங்களா சாராளம்மா?"

"ஆமா சார்," என்றார் சாராள்.

வேலை கீழ்க்கட்டளையில் ஒரு அச்சகத்துக்குப் போனது. அடுத்த ஞாயிறு காலேப் வந்து கம்ப்யூட்டரின் வயர்களைக் கழற்றத் தொடங்கினான்.

"சும்மாதானே கிடக்கு? எப்சிக்கு ப்ராஜெக்ட் பண்ண ஆவும்."

"மத்த வகுப்புத் தாளெல்லாம் அதுல இருக்கு. இன்னும் பரீட்சை முடியல. அழிச்சிட்டு எடுத்துட்டுப் போ."

"வீட்ல போய் அழிச்சிக்கிறேன்மா."

"இங்கயே அழி."

எரிச்சலோடு அவன் மறுபடியும் வயர்களை மாட்டினான். அவன் அக்கவுன்டில் இருந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் அழித்து முடிக்கும்வரை சாராள் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.