போய்ச் சேர்ந்த காத்தான்

ஜெர்மன் பட்டாளம் இரண்டு வருஷம் கவிழாமல் நின்றதே கரியாலூர்க்காரன் ஒருவன் தோள் கொடுத்ததால்தான். இது கொஞ்சம் கூடுதல், ஒப்புக்கொண்டுவிடலாம். முக்கால்வாசியைத் தள்ளிவிடுங்கள். மிச்சக் கால்வாசி நிஜம். கல்வராயன் மலையில் சாமை விதைத்துக்கொண்டிருந்த காத்தான், வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி, லிபியா பாலைவனத்தில் ஜெர்மன்காரனிடம் பிடிபட்டான். அதற்குமேல் அவன் கதையைத் தெரிந்துகொள்ளப் போனவள் அவன் மகள் செவ்வந்தி.

செவ்வந்தி கரியாலூர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தாள். கொதிக்கிற சாம்பார் அண்டாவை ஒற்றை ஆளாக இறக்கிவைப்பாள். அவள் அதட்டலுக்குப் பிள்ளைகள் மட்டுமல்ல, வாத்தியார்களும் வரிசையில் நிற்பார்கள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகள் வளர்மதி கடலூரில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட செவ்வந்திக்கு ஒரே ஒரு குறை. அப்பாவின் முகம் தெரியாது. அவர் பட்டாளத்துக்குப் போனபோது அவள் கைக்குழந்தை. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை.

அப்பா இறந்த சேதி வந்தது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது. நான்கு வயது. தியாகதுருகத்து இருசப்பன் கட்டைக்காலோடு மலையேறி வந்தார். காத்தானோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர், கூடவே பிடிபட்டவர். நோயாளிக் கைதிகளை இரு தரப்பும் மாற்றிக்கொண்டபோது, கால் போன அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் காத்தானின் அப்பா பிச்சைமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

“காத்தான் ஜெர்மன்ல போய் சேந்துட்டான் பெரியவரே. யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க.”

பிச்சைமுத்து தரையில் விழுந்து புரண்டார். இருசப்பனும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பொழுதோடு இறங்கிப் போனார். செத்த சேதியை எதற்காக மறைக்கச் சொன்னார் என்று யாரும் யோசிக்கவில்லை. அழுகிற வீட்டில் யோசனை எங்கே இருக்கும்? அம்மா சின்னப்பொண்ணுவின் வளையலை உடைத்தார்கள், தாலியை இறக்கினார்கள். சிவப்பு வளையல் துண்டுகளைப் பொறுக்கி விளையாடியதற்காகச் செவ்வந்திக்கு ஓர் அறை விழுந்தது. அப்பாவைப் பற்றி அவளிடம் இருந்த ஒரே ஞாபகம் அந்த அறைதான்.

ஜெர்மன் தேசம் எங்கே இருக்கிறதென்று மலையில் யாருக்கும் தெரியாது. ஜெர்மன் சில்வர் தட்டு அங்கிருந்துதான் வருகிறது என்று நம்பினார்கள். ஆனால் எண்பத்தேழாம் வருஷம் வளர்மதி லீவுக்கு வந்தபோது புதிதாக ஒன்று சொன்னாள். சண்டையில் செத்த சிப்பாய்களுக்கு அந்தந்த தேசத்தில் பேர் வெட்டிய கல் நட்டிருக்கிறார்களாம். நம் ஊர்க்காரர்களுக்கும் உண்டாம்.

“எங்கப்பாவுக்கும் இருக்குமாடி?”

“விசாரிக்கலாம்மா.”

அன்றிலிருந்து செவ்வந்திக்கு வேறு நினைப்பே இல்லை. முகம்தான் கிடைக்கவில்லை, அப்பா படுத்திருக்கிற இடத்தின் பேராவது தெரிந்தால் போதும். யாராவது அந்தப் பக்கம் போனால் ஒரு பிடி மண் கேட்டு வாங்கலாம். அம்மா உயிரோடு இருக்கும்போதே அதை அவள் கையில் கொடுக்கவேண்டும்.

கடலூரில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில் வளர்மதி பேரைக் கொடுத்துவைத்தாள். ஆவணி கடைசியில் பதில் வந்துவிட்டதென்று தெரிந்ததும் செவ்வந்தி இருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் பேசினார்.

“செத்தவங்க பேர்ல உங்கப்பா இல்லம்மா. புடிபட்டதுக்கு அப்புறம் ஜெர்மன் பட்டாளத்துல சேந்துட்டார். அதனால இங்க பேரை நீக்கிட்டாங்க.”

“சேந்துட்டார்னா?”

“சேந்துட்டார்னா சேந்துட்டார்தாம்மா. அவங்க உடுப்பப் போட்டுக்கினு வெள்ளக்காரனுக்கு எதிரா துப்பாக்கி எடுத்தவரு. கைதியா இருந்த நம்ம ஆளுங்க நெறைய பேரு அப்படிப் போனாங்க.”

செவ்வந்திக்கு வந்த கோபத்தில் அந்த மேசை தப்பியதே பெரிய விஷயம். “செத்துப்போன மனுஷன் மேல எவனோ பழி எழுதி வெச்சிருக்கான். வாடி போலாம்!” என்று மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ் தியாகதுருகத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். டிரைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இன்னும் ஒரு வாரம் வண்டி அசையாது. எறங்கிக்கோங்க” என்றார். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த வாலிபன் ஒருவன் இவர்களைப் பார்த்தான்.

“எங்க போவணும் யக்கா?”

“கரியாலூரு.”

“மலைக்கா! நடந்தீங்கன்னா தீவாளிக்குள்ள போய் சேந்துடுவீங்க.”

பக்கத்தில் இருந்த பெரியவர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். “வாயக் கழுவுடா! பொம்பளைங்களப் பாத்து போய் சேந்துடுவீங்கன்றியே, நல்ல வார்த்த வராது உனக்கு?”

“ஊருக்குப் போய் சேந்துடுவாங்கன்னு சொன்னேன்பா!”

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை. மரக்கிளையைத் தாண்டத் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாம்மா?” என்றாள் வளர்மதி.

“இருசப்பன் வூடு எங்கன்னு விசாரி.”

தியாகதுருகம்வரை நடந்தார்கள். அங்கே கோட்டை மலையடிவாரத்தில் இருசப்பனின் பெட்டிக்கடை பாதி சாத்தியிருந்தது. போராட்டத்துக்கும் மரியாதை, வியாபாரத்துக்கும் வழி. கிழவர் கட்டைக்காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். செவ்வந்தி தன் ஊரையும் அப்பா பேரையும் சொன்னாள். கிழவரின் முகம் அப்படியே மலர்ந்தது.

“காத்தான் பொண்ணா! அடி ஆண்டாளு, மோர் எடுத்தா! யார் வந்துக்கீறா பாரு!” என்று உள்ளே மனைவியை நோக்கிக் கத்திவிட்டுத் திரும்பினார். “அப்பன் சௌக்கியமா? நாப்பது வருசமாச்சி, ஒரு தபா இந்தாண்ட எட்டிப் பாத்தானா அந்தத் திருட்டுப் பய?”

செவ்வந்தி மகளைத் திரும்பிப் பார்த்தாள். வளர்மதிதான் சொன்னாள். “தாத்தா, நீங்கதானே வந்து சொன்னீங்க, அவரு செத்துட்டாருன்னு?”

“நானா? எந்தப் பாவி சொன்னான்? ஜெர்மன் பட்டாளத்துல போய் சேந்துட்டான்னு சொன்னேன். கேம்ப்புல வந்து சேரச் சொல்லி கூப்ட்டாங்க. இவன், அங்க மலை இருக்குதான்னு கேட்டான். இருக்குதுன்னாங்க. போய்ட்டான். கையில புலி போட்ட பட்டை தெச்சி குடுத்தாங்க, என்னாண்ட காட்டி அப்படி சிரிச்சான். எனக்குக் காலு இருந்தா நானும் போயிருப்பேன். ஒத்தக் காலுக்கு எவன் பூட்ஸ் குடுப்பான்?”

“எங்க தாத்தா அன்னிக்கு உருண்டு பெரண்டு அழுதாரே,” என்றாள் செவ்வந்தி.

“எதிரிகிட்ட போய்ட்டானே, மானம் போச்சே, போலீஸ் வருமேன்னு அழுவறாருன்னு நெனச்சேன். அதான் நானும் அழுதேன்.” கிழவர் நிறுத்தினார். மடித்த வெற்றிலை கையிலிருந்து நழுவியது. “அப்ப... எழவு வூடாவா அது?”

மோர் கொண்டுவந்த ஆண்டாள் சொம்பைக் கீழே வைக்காமலே நின்றாள்.

வளர்மதி மெல்லக் கேட்டாள். “நாப்பது வருசம்னு சொன்னீங்களே தாத்தா. அதுக்கு முன்னாடி அவர எங்க பாத்தீங்க?”

“இங்கதான். நாப்பத்தாறுல. சண்டை முடிஞ்சி டில்லியில கொஞ்ச நாளு கூண்டுல வெச்சி, அப்புறம் வுட்டுட்டாங்க. எலும்பும் தோலுமா வந்தான். ரெண்டு நாளு இங்க படுத்து எழுந்து, வெள்ள வேட்டி ஒண்ணு வாங்கிக் கட்டிக்கினான். கார்த்திக மாசம். பொண்ணு என்ன அடையாளம் தெரிஞ்சிக்குமான்னு கேட்டுக்கினே போனான். மலையேறிட்டான்னு நானு நிம்மதியா இருந்தேன். வூட்ல இருக்கான், பொழைக்கிறான்னு...”

பாதை திறக்கும்வரை அவர்கள் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. அத்தனை நாளும் இருசப்பன் செவ்வந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி நாள் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தபோது மட்டும், “நான் வேற வார்த்த சொல்லியிருக்கலாம்,” என்றார். செவ்வந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டத்தான் நினைத்திருந்தாள். அப்பாவை வெள்ளை வேட்டியில் பார்த்த கண் அது. திட்ட வரவில்லை.

மலைக்குப் போனபோது சின்னப்பொண்ணு முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டிய உடம்பு. வெறும் நெற்றி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. செவ்வந்தி அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். கடலூர்க் குமாஸ்தா சொன்னதை, கிழவர் சொன்னதை, அந்த ஒரு வார்த்தையை. கார்த்திகை மாதம் என்று சொன்னதும் முறம் நின்றது.

அப்புறம் சின்னப்பொண்ணு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“வந்தாரு.”

“யாரும்மா?”

“ஓடைக்கு அந்தாண்ட வந்து நின்னாரு. வெளுத்த வேட்டி. ஒடம்பே இல்ல. ஊருல பாத்தவங்க, காத்தான் ஆவி வந்துட்டுதுன்னு கூவுனாங்க. காரியம் எல்லாம் பண்ணி முடிச்சி ரெண்டு வருசம் ஆயிட்ட மனுசன், வேற இன்னான்னு நெனைக்கிறது? தப்பட்டைய அடிச்சாங்க. கல்லு வுட்டாங்க. நெத்தியத் தொடச்சிக்கினே நின்னாரு. என் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. ஆவி கூப்ட்டா பதில் குடுக்கக்கூடாதே, குடுத்தா கூட்டிக்கினு பூடுமே. அதனால வாயப் பொத்திக்கினேன். வூட்டுக்குள்ள வந்து கதவச் சாத்திக்கினேன்.”

“அப்புறம்?”

“அப்புறமும் கூப்ட்டாரு. கொஞ்ச நேரம் பொறுத்து சத்தம் நின்னுபோச்சி. சனியன் ஒழிஞ்சிது, இனிமே அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னாங்க.”

செவ்வந்தி அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கேட்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். “நான் எங்கம்மா இருந்தேன் அப்ப?”

“எங்கூடதான். ஜொரத்துல நெனப்பில்லாம கெடந்த, அப்பவும் எட்டி எட்டிப் பாத்த. ஆவியப் பாத்தா கொழந்தைக்கு ஆவாதுன்னு ஒன் கண்ணையும் நான்தான் பொத்துனேன்.”

மழை பிடித்துக்கொண்டது. செவ்வந்தி எழுந்து முறத்தை நனையாமல் உள்ளே எடுத்துவைத்தாள். அம்மாவைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அவள் சமைக்கப் போனாள், கஞ்சி வைத்தாள், உப்புப் போட மறந்தாள்.

பிற்பாடு அவள் அடிவாரத்து ஊர்களில் விசாரிக்காத இடமில்லை. நாற்பத்தாறாம் வருஷம் கார்த்திகையில் நெற்றிக் காயத்தோடு வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் இறங்கிப் போனாரா என்று சந்தைக்குச் சந்தை கேட்டாள். வயதானவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையசைப்பார்கள். ஒரு கிழவி மட்டும், யாரோ தண்ணீர் வாங்கிக் குடித்ததாகச் சொன்னாள். எந்த வருஷம் என்று தெரியவில்லை. எங்கே போனார், எந்த ஊரில் என்ன பேரில் பிழைத்தார், எங்கே கண் மூடினார், எதுவும் கிடைக்கவில்லை. பிடி மண் எடுக்க உலகத்தில் ஓர் இடமும் இல்லாமல் போயிற்று.

சின்னப்பொண்ணு மட்டும், சேதி தெரிந்த அந்த அந்தியிலேயே முகம் கழுவி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டாள். கதவை விரியத் திறந்து வைத்து, ஓடைப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் சாகும்வரை, எந்த மழைக்கும் எந்தக் காற்றுக்கும் அந்தக் கதவு சாத்தப்படவே இல்லை.

நான் எழுதியதை இந்த இடம்வரை படித்துக் காட்டியபோது, கடலூரில் என்னிடம் ஆசிரியர் பயிற்சி படித்து, இப்போது தானே ரிட்டையர் ஆகிவிட்ட வளர்மதி குறுக்கே கையை நீட்டினாள்.

“டீச்சர், அதெல்லாம் இல்ல. ஆயா பொட்டு வைக்கல. மழ சாரல் அடிச்சிது, எழுந்து போயி கதவ சாத்திட்டு வந்து படுத்துக்கிச்சி. எங்கம்மாதான் அதப் போய்ப் போய்த் தொறந்து பாத்துக்கினு இருந்துச்சி.”