முயல் குரலில் ஒரு மேனேஜர்

டெக்சஸின் ரவுண்ட் ராக் ஊரில் பிராஜெக்ட் மேனேஜராக இருந்த நஞ்சப்பன் ஒரு கயோட்டியைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் 2006இல் அவரளவுக்கு வேட்டைச் சாமான் வாங்கிக் குவித்த தமிழர் டெக்சஸிலேயே கிடையாது.

கயோட்டி என்பது நரியைவிடக் கொஞ்சம் பெரிய, ஆட்டுக்குட்டியைத் தூக்கும் பிராணி. ராத்திரியில் புதரோரம் உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி ஊதலை ஊதினால், தின்னலாம் என்று ஓடிவரும். அப்போது சுட வேண்டும். நஞ்சப்பனுக்குச் சுடுவதைவிட ஊதுவதில்தான் பைத்தியம். வீட்டில் ஊதிப் பழகியதற்கு மனைவி தாமரைச்செல்வி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டெக்சஸில் ராத்திரி என்றால் சென்னையில் ஆபீஸ் நேரம். அதனால் கான்ஃபரன்ஸ் காலையும் மனிதர் புதருக்கே கொண்டுபோனார். அன்றைக்கு சென்னை டீம் லீட் சபரிநாதன் வழக்கம்போல இழுத்துக்கொண்டிருந்தான்.

"டெஸ்டிங் இன்னும் முடியல சார். இன்னொரு ரெண்டு வாரம் ஆகும்."

போனை மியூட் பண்ணிவிட்டதாக நினைத்து, நஞ்சப்பன் மூச்சைப் பிடித்து ஊதினார். உயிர் போகிற முயலின் ஓலம் கடல் தாண்டிப் போனது.

மறுமுனையில் சபரிநாதன் தணிந்த குரலில் சொன்னான்.

"சார், டென்ஷன் ஆகாதீங்க சார். வெள்ளிக்கிழமை குடுத்துடறோம்."

கயோட்டி வரவில்லை. டெலிவரி வந்தது. நஞ்சப்பனின் சர்வீஸில் சொன்ன தேதிக்கு வந்த முதல் டெலிவரி அதுதான்.

அடுத்த வாரமே துப்பாக்கியை விற்றுவிட்டார். ஊதலை ஆபீஸ் டிராயரில் வைத்துக்கொண்டார்.