ஒரு மாதத்துக்கு வந்த சீனக் கை

உங்களுக்கு ஒரு விடுகதை. ஐந்து விரல் உண்டு, குளிர் தெரியாது. பையைத் தூக்கும், பேனா பிடிக்கும். இரவானால் சார்ஜ் கேட்கும். பிறந்தது சீனாவில், பள்ளிக்கூடம் போவது பலெர்மோவில். அது என்ன?

செயற்கைக் கை என்று சொன்னீர்களானால் என் தொழிலில் பாதியைச் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கையை ஒரு பிள்ளை விரும்பிப் போடும்படி செய்வது மீதிப் பாதி. பொருள் திருத்தும் வேலையில் இருப்பவர்களே, இந்தத் துன்பம் உங்களுக்கும் தெரியும்: பொருள் சரியாகிவிடும், ஆள் சம்மதிக்க மாட்டார்.

நான் வேலை செய்யும் பட்டறை இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது. முதலாளி நீனோ, பலெர்மோக்காரர். எஞ்சியிருக்கும் கையில் இறுக்கமாகப் பொருந்துகிற கூட்டை அளவெடுத்து வார்ப்பது அவர் வேலை. அந்தக் கூட்டில் பூட்டும் கையின் மின்சார வேலை என்னுடையது.

என்னைப் போலவே இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஆரணிக்கு ஒன்பது வயது. பிறக்கும்போதே வலது மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. முன்பு வேறிடங்களில் செய்த இரண்டு கைகளும் அவர்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தன. மூன்றாவதாக, சீனத் தொழிற்சாலை ஒன்றின் சிறுவர் கையை ஒரு மாதம் போட்டுப் பார்க்க வரவழைத்தோம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அதே பெட்டியில் திருப்பி அனுப்ப வேண்டும். இதுவும் சரிவராவிட்டால் பிள்ளையை இனி அலைக்கழிப்பதில்லை என்று தாய் ரஜனி முடிவெடுத்திருந்தார்.

பெட்டி

அளவுகளை அனுப்பிப் பதினோராம் நாள் பெட்டி வந்தது. நீனோவுக்கு அதுவே சந்தேகம். முன்பெல்லாம் ஒரு மின்சாரக் கைக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, அது வந்து சேரும்போது பிள்ளையின் கை வளர்ந்து கூடு பொருந்தாமல் போயிருக்கிறது. இவ்வளவு விரைவாக வந்தது விளையாட்டுச் சாமானாகத்தான் இருக்கும் என்றார்.

கை வேலை செய்யும் விதம் இதுதான். பிள்ளை விரலை மூட நினைத்தால் முழங்கைக்குக் கீழே தசை இறுகும். தோலின்மேல் படும் சிறு உலோகப் பொட்டுகள் அந்த இறுக்கத்தை உணரும். விரலுக்கு ஒன்றாக உள்ளே இருக்கும் ஐந்து மோட்டார்களும் உடனே சுழலும். நீனோ பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினார். கம்பிகள் போகும் வழியைப் பார்த்தார், பல்சக்கரங்களைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி என்னிடம் தள்ளினார். "சிவம், நீயும் கொஞ்சம் தேடு. ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன், திட்டுவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை."

பருப்பு

கையைப் பொருத்திக் கொடுத்த ஐந்தாம் நாள் ரஜனி, லிபெர்த்தா வீதியில் தான் வீட்டு வேலை செய்யும் இத்தாலிய அம்மாவின் வீட்டிலிருந்து நேரே வந்தார். கை ஒரு துவாயில் சுற்றியிருந்தது.

"அண்ணை, விரல் மடங்குதில்லை."

துவாயை விரித்ததும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் மணத்தன. "சோறு சாப்பிட்டவளோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. இவ்வளவு காலமும் இடக்கையாலைதான் சாப்பிட்டவள். சபை சந்தியிலை சனம் பாக்கும் எண்டு கரண்டி கேப்பாள். வலக்கை வந்திட்டுதெண்டு நான்தான் பருப்பை விட்டுக் குழைச்சுச் சாப்பிடச் சொன்னனான்."

மூட்டுகளுக்குள் பருப்பு இறுகிக் கிடந்தது. தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தது. பருப்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. தொழிற்சாலையில் எங்களோடு கதைக்கும் பொறியியலாளர் லின் என்ற இளம்பெண். அவருக்கும் எனக்கும் அரைகுறை ஆங்கிலம். யார் பிழை என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு தடிப்பு, எண்ணெய் உண்டா என்று கேட்டார். ரஜனி சமைக்கும் முறையை எழுதி அனுப்பினேன்.

மறுநாள் ஒரு காணொளி வந்தது. மேசையில் ஒரு பானை பருப்பு. அதற்குள் ஐந்து விரல்கள் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன. ஒரு வாரத்தில் மூட்டுகளுக்கு இறுக்கமான ரப்பர் வளையங்கள் வந்தன, கூடவே லின்னின் குறிப்பு: "எங்கள் சோதனைப் பட்டியலில் தண்ணீர், பால், நூடுல்ஸ் சூப் இருந்தன. இன்று முதல் பருப்பும் இருக்கிறது. நன்றி."

சோற்றுப் பிடி

வளையம் சரி, ஆனால் சோறு நிற்கவில்லை. அந்தக் கைக்குப் பேனா பிடிக்க, கோப்பை பிடிக்க, குச்சியால் சாப்பிட எல்லாம் தனித்தனிப் பிடிகள் இருந்தன. சோறு அள்ளும் பிடி இல்லை. பந்தைப் பிடிப்பதுபோல் மூடும். சோறு இடுக்கால் கொட்டும். இரண்டு வாரம் போய்விட்டது. ஆரணி கையைக் கழற்றி என் மேசையில் வைத்தாள். "நான் கரண்டியாலையே சாப்பிடுறன் மாமா. இது போகட்டும்."

லின்னிடம் சொன்னேன். நீங்கள் சாப்பிடுவதை எங்களுக்குக் காட்டுங்கள் என்றார். நீனோ போனைப் பிடிக்க, நான் என் மதியச் சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் கமெராவுக்கு முன்னால் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் ஆறு தலைகள் குனிந்து பார்த்தன. கடைசியில் கட்டைவிரல் ஏன் பின்னாலிருந்து முன்னுக்கு நகர்கிறது என்று ஒருவர் கேட்டார். ஐம்பது வருடமாகச் சாப்பிடுகிறேன். என் கட்டைவிரல் சோற்றை வாய்க்குள் தள்ளுவதை அன்றுதான் நான் கண்டேன். அவர்களுடைய பல்சக்கரங்களைவிட இந்தக் கேள்வி கேட்கும் பழக்கம்தான் எனக்குப் பெரிதாகப்பட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவன் கறிச்சோறு சாப்பிடுகிறவனாக இருந்தாலும் அவனிடம் கேட்கிறார்கள்.

புதிய பிடிக்கு மணிக்கட்டு கொஞ்சம் திரும்ப வேண்டியிருந்தது. நீனோ முணுமுணுத்துக்கொண்டே கூட்டின் விளிம்பைச் சீவினார். மூன்றாம் நாள் புதிய பிடி போன் வழியாகவே கைக்குள் இறங்கியது. லின் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "உங்கள் சாப்பாட்டை இருபது தடவை பார்த்தோம். எல்லோருக்கும் பசித்துவிட்டது."

பள்ளிக்கூடம்

ஐந்து விரல் நுனிகளையும் ஒன்றாகக் குவித்தால் எங்களுக்கு அது சோற்றுப் பிடி. பலெர்மோவில் அதையே நெஞ்சுக்கு நேரே தூக்கி ஆட்டினால், "என்ன கதைக்கிறாய் நீ?" என்று அர்த்தம். லின்னுக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்கும் நீனோவுக்கும் தெரிந்திருந்தும் அந்தப் பக்கம் யோசனை போகவில்லை.

இடைவேளையில் வரிசையில் நின்றபோது ஒரு வகுப்புத் தோழி தன்னை முந்தப் பார்த்தாள் என்று ஆரணி வலது கையைத் தூக்கினாள். மோட்டார்கள் மெல்ல இரைந்தன; விரல்கள் குவிந்தன. தோழி திறந்த வாய் மூடாமல் பின்னுக்குப் போனாள். பிறகு வகுப்பு முழுக்க, எங்களுக்கும் ஒருதரம் காட்டு என்று கேட்டதாம். அன்று மாலை ரஜனி பட்டறைக்கு வந்து கோபமா சிரிப்பா என்று தெரியாத முகத்தோடு நின்றார். "சோத்துக்கெண்டு கேட்டு வாங்கின பிடி, அண்ணை. இவள் அதைச் சண்டைக்குக் கொண்டுபோயிட்டாள்!"

உறை

மாதம் முடிய இரண்டு நாள் இருக்க, லின்னிடமிருந்து இன்னொரு பொதி வந்தது. கைக்கு மேலே போடும், மனிதத் தோல்போன்ற மென்மையான உறை. அவர்களிடம் ஆயத்தமாக இருந்த நிறங்களில் ஒன்றும் எங்கள் நிறமில்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆரணிக்கென்றே ஒரு நிறம் கலந்திருந்தார்கள். ரஜனி அதைத் தன் மணிக்கட்டோடு வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: "இனி ஒருத்தரும் உன்னைத் திரும்பிப் பாக்க மாட்டினம், அம்மா."

கடைசி நாள் வந்தது. திருப்பி அனுப்பும் பெட்டி மேசையில் திறந்திருந்தது. வேண்டாததை அதற்குள் வைக்கலாம் என்று ஆரணியிடம் சொன்னேன். பிள்ளையை அவசரப்படுத்தாதே என்று நீனோ என்னை அதட்டினார். அவள் உறையைப் போட்டு விரல்களை இரண்டு தடவை மூடித் திறந்தாள். உறையைக் கழற்றினாள். சாம்பல் நிறச் சட்டத்துக்குள் ஐந்து மோட்டார்களும் தெரிய, இன்னும் இரண்டு தடவை மூடித் திறந்தாள். உறையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கையோடு வீட்டுக்குப் போனாள்.