கிண்ணக்காரரும் காசுக்காரரும்

போன கிழமை வேலைத்தலத்தில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. பரிசு வாங்கப் போன கடையில் குழந்தைப் பவுடர் பேணி ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். மற்றவர்களுக்கு அந்த மணம் தொட்டிலை நினைவுபடுத்தும். எனக்குச் சீட்டுக்கட்டு நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஸ்டுட்கார்ட்டில் எங்கள் ஆட்கள் பழைய சீட்டுகளுக்குக் குழந்தைப் பவுடர் பூசித்தான் விளையாடுவார்கள். பூசினால் சீட்டு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். என் மகளுக்கென்று வாங்கிய பவுடரில் பாதி மகளுக்கு, மீதி முந்நூற்றிநாலுக்கு.

முந்நூற்றிநாலு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பேர், இரண்டு சோடி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. இந்த விளையாட்டில் ராசாவுக்கு மரியாதை இல்லை, ஜாக்தான் பெரியவன். ஒருவர், மற்ற இனங்களை வெட்டும் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு இறக்க, வென்றவர் அள்ளுவது ஒரு பிடி. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சண்டை. நான் அதைப் பழகியது யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு நாட்களில். நாலாவது கைக்கு ஆள் இல்லாதபோது அண்ணை என்னைப் பிடித்து இருத்துவார். பிழையாகப் போட்டால் தலையில் ஒரு குட்டு. அந்தக் குட்டுகளின் புண்ணியத்தில் இறங்கிய சீட்டு ஒன்றையும் மறக்காத பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கடைக்குப் போனால் உப்பு வாங்க மறந்துவிடுவேன், அது வேறு.

ஜெர்மனிக்கு வந்தபின் எங்கள் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துபோனார்கள். ஒரு கட்சி கோடைகால விளையாட்டு விழாக்களில் சுற்றுப்போட்டி ஆடும் கிண்ணக்காரர். மற்றது, பலசரக்குக் கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் காசுக்காரர். கிண்ணக்காரருக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் என் கணவர். காசுக்காரருக்கு, வேறு யார், என் அண்ணை.

இவர் சுற்றுப்போட்டிக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு போவார். சட்டதிட்டங்களைத் தட்டச்சு செய்து மண்டபச் சுவரில் ஒட்டுவதும் இவர்தான். அண்ணை இத்தாலியன் உணவகம் ஒன்றில் மா குழைப்பவர், காதுமடலில் எப்போதும் கொஞ்சம் மா இருக்கும். அந்த நாட்களில் தொலைக்காட்சியில் போக்கர் காட்டத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பின்னறைக்காரர் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விளையாடினார்கள். இவரும் அதே நிகழ்ச்சியைப் பார்ப்பார். ஆனால் போட்டி ஆட்டம் வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டுவார், காசு மேசை வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். அவ்வளவு வைராக்கியம்.

சும்மா ஒருநாள் விருந்துக்கு வந்த அண்ணை எங்கள் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றார். உள்ளே இவர் எடுத்த கிண்ணங்கள். வாரம் தவறாமல் தூசி தட்டுவது நான்.

"மச்சான், இதிலை ஒண்டிலையாவது தேத்தண்ணி குடிக்கேலுமோ?"

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. காசுக்கு விளையாடுகிறவன் பயந்து பயந்துதான் விளையாடுவான் என்று இவர் தொடங்க, அரை மணித்தியாலத்தில் முடிகிற விளையாட்டில் அதிர்ஷ்டம் இருந்தால் ஆடுமாடும் வெல்லும் என்று அண்ணை முடித்தார். நான் குழல் புட்டோடு நடுவில் நின்றேன். கடைசியில் இவர் சொன்னது இதுதான்:

"ஒரு கிண்ணத்தோடை வாரும். அப்ப கதவைத் திறக்கிறன்."

அண்ணை சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போனவர் போனவர்தான். அதற்குப் பிறகு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தார், எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. ஒரே ஊரில், ஒரே டிராம் பாதையில் இருந்துகொண்டு, என் சமையல் பிடிக்கும் என்று சொல்கிற ஒரே மனிதர் வீட்டுக்கு வராமல் இருந்தால் எப்படி இருக்கும்? நான் பல நாள் அழுதிருக்கிறேன். வெங்காயம் உரிக்கும்போது அழுவது வசதி.

பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கியது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவது, எனக்கு இருப்பது ஒரே அண்ணன். இவரிடம் கேட்டேன். வரட்டும், கிண்ணத்தோடை வரட்டும் என்றார். அன்றைக்கு அழுகை நின்று கோபம் வந்தது. நேரே உணவகத்துக்குப் போனேன். அண்ணை நிமிராமல் மாவை அடித்துக்கொண்டே, சுற்றுப்போட்டிக்குச் சோடி வேண்டும், பின்னறையில் தன் சோடியான கடைக்காரன் காசு வைக்காத மேசைக்கு வரமாட்டான் என்றார்.

"நான் இருக்கிறன்" என்றேன்.

மா அடிப்பது நின்றது.

மண்டபத்தில் பெயர் கொடுக்கப் போனபோது சலசலப்பு. பெண்கள் ஆடலாமா என்று ஒருவர் கேட்டார். சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தில் பெண்கள் ஆடக்கூடாது என்று எங்கும் இல்லை. எழுதியவருக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை போலும். இவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் நாங்கள் எதிர்த்தவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினோம். பொய் சொல்லக்கூடாது, நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் இருந்ததில்லை. கல்யாண வீட்டில்கூட இல்லை. இறுதி ஆட்டத்தில் எதிரே இருந்தவர்கள் என் கணவரும் அவருடைய சோடியும். பிள்ளை பின்வரிசையில் ஒரு அக்காவின் மடியில் நித்திரை.

இரண்டு பக்கமும் சமனாகி, கடைசி ஒரு கை ஆட்டத்தில் வந்து நின்றது. துரும்பு வைத்தவர் அண்ணை. ஆறு பிடியும் எங்களுக்கு, இன்னும் இரண்டு பிடி. இங்கேதான் ஒரு சட்டம் இருக்கிறது. எட்டுப் பிடியும் நமக்கு என்றால், ஏழாவது சீட்டு இறங்குமுன் வாயால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எல்லாவற்றையும் எடுத்தால் தண்டம், தோற்ற மாதிரி. சொல்லிவிட்டு ஒரு பிடியை விட்டாலும் தண்டம். சோடியில் யாரும் சொல்லலாம். பின்னறைக்காரர் இந்தச் சட்டத்தை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்கள். அங்கே எடுத்தவன் எடுத்தான், அவ்வளவுதான். நான் அண்ணைக்கு வழி முழுக்க ஞாபகப்படுத்தியிருந்தேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஆனால் கை சூடேறினால் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? சீட்டை உருவத் தொடங்கிவிட்டார்.

என் கையில் ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டு. கடைசித் துரும்பு அண்ணையிடம் என்பது எனக்குத் தெரியும். அதைவிட இறங்காத பெரிய சீட்டு ஒன்றே ஒன்று, கலாவரை இனத்து ஜாக். இவருடைய சோடியிடம் கலாவரை முடிந்தது முன்பே தெரிந்துவிட்டது. ஜாக் அண்ணையிடம் இருந்தால் எல்லாம் எங்களுக்கு. இவரிடம் இருந்தால், வாயைத் திறந்தால் நான் கெட்டேன்.

இவரைப் பார்த்தேன். இவர் சீட்டைப் பார்க்கவில்லை, அண்ணையையும் பார்க்கவில்லை. மத்தியஸ்தரைப் பார்த்து, கவனியுங்கோ என்பதுபோல் கண்ணால் காட்டினார். அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கையில் ஜாக் இருக்கிற மனிதர் மத்தியஸ்தரை ஏன் தேடுகிறார்? பிடிக்க ஒன்றும் இல்லாதபடியால்தான் தன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணை வாய் திறவாமல் போடட்டும் என்று காத்திருக்கிறார்.

"எல்லாப் பிடியும் எங்களுக்கு" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அண்ணை திடுக்கிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பழைய குட்டு ஒன்று இருந்தது. பிறகு சீட்டை மேசையில் வைத்தார். கலாவரை ஜாக். அதற்குப் பின்னால் கடைசித் துரும்பு. மண்டபம் எழுந்துவிட்டது. பின்வரிசை அக்கா பிள்ளையை மறந்து கைதட்ட, பிள்ளை எழும்பி அழுதது. நானும் அழுதேன், அன்றைக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

காதுகுத்துக் காலையில் வாசல் மணி அடித்தது. இவரே போய்த் திறந்தார். அண்ணை புதுச் சட்டையோடு, கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"கிண்ணத்தோடை வந்திருக்கிறன் மச்சான்."

"அது என்ரை மனுசி எடுத்தது" என்றார் இவர்.

"என்ரை தங்கச்சி எடுத்தது."

அப்படியே வாசலில் நின்று வாக்குவாதம். உள்ளே தட்டார் ஊசியோடு காத்திருந்தார். அந்த வாக்குவாதத்தை நான் இடைமறிக்கவில்லை, என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாக இருவரும் அதற்கு முன் பேசியதில்லை. பிறகு அண்ணை உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, மகளை மடியில் வைத்தார். அவள் கத்திய கத்தலில் அவருடைய கண்ணிலும் தண்ணீர்.

இப்போது அந்த மண்டபத்தில் உடற்பயிற்சி நிலையம். பலசரக்குக் கடை கைமாறி, பின்னறையில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். விளையாட்டு விழா சில வருடம் இழுபட்டு நின்றுவிட்டது. மகள் டார்ம்ஸ்டாட்டில் படிக்கிறாள், முந்நூற்றிநாலைத் தொலைபேசியில், முகம் தெரியாத சோடியோடு ஆடுகிறாள். அண்ணை ஞாயிறு தவறாமல் வருகிறார். இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருந்து, ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஓம் போடுகிறார்கள். காசு பெரிதா கிண்ணம் பெரிதா என்று குரலை உயர்த்திய அந்த இரண்டு சண்டைக்காரரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. சிலவேளை எனக்கு அது பிடிப்பதில்லை.

சீட்டை எடுக்கட்டோ என்று நான் கேட்பேன். ஒருவருக்கு அன்றைக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கை நடுங்கும். நான் சமையலறைக்குப் போனதும் இரண்டு பேரும் தொலைபேசியில் பொடி எழுத்துகளைப் படித்துச் சிரிப்பது கேட்கும்.

என்னோடு விளையாடப் பயம், அவ்வளவுதான்.