வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் பேசவும் ஃபேக்ஸ் அனுப்பவும் ஆட்கள் வருகிற ஒரு கொமினிகேஷன் கடையின் மாடியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இரண்டு கணினிகளும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பும் இருந்தன. கீழே யாராவது ஃபேக்ஸ் அனுப்பினால் மேலே இணையம் அறுந்துவிடும். கடைக்காரரும் என்னைப் போலவே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான். நான் நமுனுகுலைப் பக்கம், அவர் பசறைப் பக்கம். டைப்பிங், போட்டோ கொப்பி என்று ஆரம்பித்தவர், போர்நிறுத்தம் வந்து வெளிநாட்டுக்காரர்கள் மலையேறத் தொடங்கியதும் விடுதிகளுக்கு இணையத்தளம் செய்துகொடுப்பதில் இறங்கியிருந்தார். பக்கங்களைக் கட்ட என்னை எடுத்தார். அவற்றைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருகிற வேலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஒரு கணினிச் சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடியில்தான் நரிச் சின்னம் போட்ட பிரவுசர் எங்களுக்குக் கிடைத்தது. அதில் நாமே சின்னச் சின்னக் கருவிகளைப் பொருத்திக்கொள்ளலாம்; எக்ஸ்டென்ஷன் என்றார்கள். ஒன்று பக்கத்தின் மேல் அளவுகோல் வைத்து அளந்தது. ஒன்று வேலை செய்யாத இணைப்புகளுக்குச் சிவப்புப் பூசியது. நான் அதிகம் பாவித்தது ஒரு கருவிப்பட்டை. அதில் ஒரு பட்டனை அமத்தினால் படங்கள் மறையும், இன்னொன்றை அமத்தினால் நிறமும் அலங்காரமும் போய் வெறும் எழுத்து மட்டும் நிற்கும். தேடுபொறிக்கு ஒரு பக்கம் எப்படித் தெரியும் என்பதை ஏறக்குறைய அப்படிப் பார்த்துவிடலாம்.

ஒருநாள் காலையில் அப்புத்தளையிலிருந்து ஒரு அம்மா படியேறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டுத் தபாலகங்களிலேயே வேலை பார்த்து, போஸ்ட் மிஸ்ட்ரஸாக ஓய்வு பெற்று, ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த தன் வீட்டில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விட்டிருந்தார். நான் சேர்வதற்கு முன்பே கடைக்காரர் அவருக்கு ஒரு தளம் செய்துகொடுத்திருந்தார்.

"என்ர வீட்டுப் பேரை அடிச்சால் மட்டும்தான் வருது, பிள்ளை. பேர் தெரிஞ்சவன் ஏன் தேடப்போறான்?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

கடைக்காரர் ஒரு கணினி பொருத்திக்கொடுப்பதற்காக மொனராகலைக்குப் போயிருந்தார். நான் தளத்தைத் திறந்து, படங்களை மறைக்கும் பட்டனை அமத்தினேன். திரையில் வெற்றுக் கட்டங்கள்தான் மிஞ்சின.

"எங்க பிள்ளை, என்ர வீடு?"

"எல்லாம் படத்துக்குள்ள இருக்குங்க மிஸ். ரூமப் பத்தி எழுதினதக்கூட வடிவான எழுத்தா இருக்கணும்னு படமாத்தான் போட்டிருக்கு. தேடுற மெஷினுக்குப் படத்த வாசிக்கத் தெரியாதுங்க."

அடுத்த பட்டனையும் அமத்தினேன். அலங்காரம் போனதும் பக்கத்தின் அடியில் ஒரு நீண்ட பத்தி வெளியே வந்தது. அப்புத்தளை ஹோட்டல், அப்புத்தளை ரூம், மலிவான ஹோட்டல் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப அதே சொற்கள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை வாசித்தார்.

"இதென்ன, பள்ளிக்கூடத்தில இம்பொசிஷன் எழுதின மாதிரி?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. கடைக்காரர் செய்த வேலையை அவர் இல்லாத நேரத்தில் நானே விரித்துக் காட்டியதுபோல் இருந்தது. "மெஷினுக்காகப் போட்டதுங்க. ஆளுங்க கண்ணுக்குத் தெரியாம, வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்து" என்றேன்.

"ஆக்களுக்கு ஒண்டு, மெஷினுக்கு இன்னொண்டோ? என்ர வீட்டு வாசல்ல இப்பிடி ஒரு போர்டு வைக்க விடுவனே? எடுத்துவிடும்."

"அண்ணன்கிட்ட கேக்காம எடுக்க ஏலாதுங்க மிஸ்."

"கேளும். நான் இருக்கிறன்."

இருந்தார். பகல் சாப்பாட்டுக்குக் கீழே போய் ரொட்டி வாங்கி, எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். கடைக்காரர் களைத்துப்போய் வந்து சேர்ந்தபோது திரையில் அந்தப் பத்தி அப்படியே நின்றது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கோபப்படவில்லை.

"கொழும்புல எல்லாரும் செய்றதுதாங்க மிஸ். நாம மட்டும் எடுத்தா இன்னும் கீழ போயிரும்."

"போகட்டும் தம்பி. இப்ப மட்டும் மேலயே கிடக்கு?"

அவர் சிரித்துவிட்டு, "சரி தங்கச்சி, மிஸ் சொல்ற மாதிரியே செய்ங்க" என்றார்.

அந்தப் பத்தியை அன்றே அழித்தேன். மறுநாளே அம்மா திரும்ப வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, படமாக இருந்ததற்குப் பதிலாக நான் எழுத்தாகத் தட்டினேன். விருந்தினர் எதைக் கேட்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஸ்டேஷனிலிருந்து நடந்து வரலாம், பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. சுடுதண்ணீர் காலையில் மட்டும். எல்லாம் நல்ல ஆங்கிலத்தில், உள்ளது உள்ளபடி வந்தது. கடைசியில், "மூடுபனி நாளில ஒண்டும் தெரியாது எண்டும் போடும்" என்றார்.

கடைக்காரர் பதறினார். "அத எழுதினா யாருங்க வருவாங்க?"

"வந்தபிறகு ஏசுறவையை விட வராமல் இருக்கிறவை நல்லம்."

நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒழுங்கான தலைப்பு வைத்தேன். படம் திறக்காவிட்டாலும் தெரியும்படி, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அதைப் பற்றி ஒரு வரி எழுதினேன். ரயில் நேரத்துக்குக் கொடுத்திருந்த இணைப்பு சிவப்பாகக் காட்டியது. அது செத்துப்போய்ப் பல மாதம் இருக்கும். அதையும் மாற்றினேன்.

பிறகு கடைக்காரர் சொன்னதே நடந்தது. வீட்டின் பெயரை அடித்தாலும் தளம் வரவில்லை. சில வாரங்கள் அப்படியே போயின. காலையில் இணைப்புக் கிடைத்ததும் முதல் வேலையாகத் தேடிப் பார்ப்பேன். மாறின பக்கத்தைத் தேடுபொறி மறுபடி வந்து வாசிக்க நாளெடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு காலையில், அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை என்று ஆங்கிலத்தில் அடித்தபோது முதல் பக்கத்தின் நடுவில் அம்மாவின் வீடு நின்றது. கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அந்தப் பருவத்திலேயே ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் போனபிறகு அம்மா கடைக்கு போன் எடுத்தார்.

"மூடுபனி எண்டு எழுதினதைப் பாத்துத்தானாம் வந்தவை. நிண்ட நாள் முழுக்க ஒரு மலையும் தெரியேல்ல. வராந்தாவில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே இருந்தவை. திரும்ப வருவினமாம்."

நான் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரர் தன் நாற்காலியை என் கணினிக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு, "மத்த சைட்டையும் அந்தப் பட்டன அமத்திப் பாருங்க தங்கச்சி" என்றார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, உரியவர்களிடம் கேட்டுச் சரிசெய்தோம். பண்டாரவளையில் ஒருவர் மட்டும், எழுத்து படமாக இருப்பதுதான் பார்க்க வடிவு என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடையதை அப்படியே விட்டுவிட்டோம்.