மானைத் தவிர எல்லாம் விழுந்த கேமரா

தானா படம் புடிக்கிற கேமராவ மானுக்காக மரத்துல கட்டுற வேலையில பத்து நாள்ல ஒம்பது நாள் நாம பாக்கப்போறது ஆடு, வெறகுக் கட்டு, வெறும் மரம். நான் இத பெரம்பலூர் பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, யாரோட பயோடேட்டாவையோ அடிச்சுக் குடுக்கற நடுவுல அடிக்கிறேன். என்ன மாதிரியே ஆசப்பட்டு மாட்டுன ஆளுங்க யாராச்சும் இருந்தா, படிச்சுட்டு கொஞ்சம் அழுதுக்கங்க.

வெவரம் இதுதான். கீழப்பழுவூர் தாண்டி ஒரு புதர்க்காடு. அதுல சுண்ணாம்புக்கல் வெட்ட ஒரு கம்பெனிக்காரங்க அனுமதி கேட்டிருந்தாங்க. புள்ளிமான் இருக்குன்னு நிரூபிச்சா காடு தப்பிக்கும், இல்லன்னா குழிதான். அதுக்காக ஆபீசருங்க நடத்துற கருத்துக் கேட்புக் கூட்டத்துல வாயால சொன்னா எடுபடாது, படம் வேணும்னுட்டாங்க. கையில மூணே வாரம். நான் அப்ப ஒரு சின்ன வனவிலங்கு குழுவுல தற்காலிக ஆளு. கேமரா வாங்குற பொறுப்ப எங்கிட்ட குடுத்ததுதான் மொத தப்பு.

பளபள பொஸ்தகம்

ரெண்டு கேமரா இருந்துச்சு. ஒண்ணு பெங்களூர்ல ஒருத்தர் செஞ்ச தகரப் பொட்டி, உள்ள பிலிம் ரோலு. இன்னொண்ணு வெளிநாட்டு டிஜிட்டல். அதோட விளம்பர பொஸ்தகத்த நான் தலைமாட்டுல வச்சுத் தூங்குனேன்னா பாத்துக்கங்க. டிஜிட்டல்தான்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்க வச்சேன்.

எது முன்னாடி போனாலும் அது முழிச்சு, யோசிச்சு, படம் எடுக்க நாலு செகண்டு. அதுக்குள்ள மான் அடுத்த ஊருக்குப் போயிடும். மொத ரெண்டு நாள்ல வந்தது அத்தனையும் காலி இடம். நாலு தடி பேட்டரியும் காலி. காட்டோரமே வூடு வச்சிருக்கற செல்வராசு அண்ணன்தான் எங்களுக்கு வழிகாட்டி, தெனம் மான பாக்கறவரு. படத்த ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்துட்டு கேட்டாரு: "ஏன் தம்பி, மானு வந்து நின்னு தலைய சீவிட்டுப் போவணுமா?"

ஊரு சூடு

அந்தக் கேமரா உடம்புச் சூட்ட வச்சு கண்டுபிடிக்கிற ரகம். சித்திரை வெயில்ல எங்க ஊரு பாறையும் மானும் ஒரே சூடு. மான் எதுன்னு தெரியாம, காத்துல ஆடுற கருவேலங் கெளைய எல்லாம் எடுத்துத் தள்ளிருச்சு. மத்தியானத்துக்குள்ள கார்டு ரொம்பிருச்சு.

வித்த ஆளுக்கு எஸ்டிடி போட்டு கத்துனேன். நான் மூச்சு வாங்குற வரைக்கும் பொறுமையா கேட்டாரு. அப்பறம் சொன்னாரு: "மாடல்ல தப்பில்ல சார், உங்க ஊருதான் கொஞ்சம் ஜாஸ்தி சூடு."

துண்டு

பெங்களூர்க்காரர் கையக் கால புடிச்சு தகரப் பொட்டிய எரவல் வாங்கிட்டு வந்தேன். கட்டிட்டு மறுநாள் போனா, அது மேல ஒரு துண்டு போத்தியிருக்கு. ஆடு மேய்க்கிற செல்லம்மா அக்கா வேல. காட்டுக்குள்ள மேய்க்கிறவங்கள பாரஸ்ட்காரங்ககிட்ட புடிச்சுக் குடுக்க வச்ச பொட்டின்னு நெனச்சிருக்காங்க. மானுக்குத்தான்னு அர மணி நேரம் வெளக்குனேன். நம்புனாங்களான்னு தெரியல. ஆனா மான் தண்ணி குடிக்கிற ஊத்து எதுன்னு கையோட கூட்டிட்டுப் போயி காட்டுனாங்க. பொட்டிய அங்க மாத்திக் கட்டுனோம். துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கிட்டே சொன்னாங்க: "மான எவ்ளோ வேணா எடு தம்பி, எங்க ஆட்ட மட்டும் எடுத்துப்புடாத."

மூஞ்சி

அஞ்சு நாள்ல ரோலு முடிஞ்சிருந்துச்சு. ஊத்து சுத்தி புதுக் குளம்புத் தடம். செல்வராசு அண்ணன் குனிஞ்சு பாத்து விரல் விட்டு எண்ணுனாரு, ஏழு உருப்படி. எனக்குத் தல கால் புரியல. அரியலூர்ல ஒரு ஸ்டூடியோவுல ரோலக் குடுத்து, கவர்ல பெருசா அர்ஜென்ட்னு எழுதிட்டு ஓடியாந்துட்டேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல.

மறுநா காலையில கூட்டம். போற வழியில கவர வாங்கிப் பிரிச்சா, பதினோரு படம். எல்லாம் நாங்க பொட்டி கட்டும்போது சோதிச்சுப் பாத்தது. நான், அண்ணன், செல்லம்மா அக்காவோட தோளு. மீதி எங்கங்கன்னு ஸ்டூடியோக்காரர்கிட்ட கேட்டேன். பாதி இருட்டு, ஆளே இல்ல, கல்யாண ரோல்ல வர்ற வேஸ்ட் மாதிரி இருந்துச்சாம். நெகட்டிவ்லயே வெட்டிக் குப்பையில போட்டுட்டாராம். விடியக்காலம் கூட்டிக் கொளுத்தியாச்சு. மனுசன் நல்லவரு, அதான் கொடும. எனக்கு நல்லது செஞ்ச சந்தோசத்துல சொன்னாரு: "மூஞ்சி இல்லாத படத்த கஸ்டமர் தலையில கட்டுறது நமக்குப் பழக்கமில்லீங்க."

கூட்டம்

பதினொண்ணையும் மேசையில வச்சேன். வேற என்ன செய்ய? செல்வராசு அண்ணன் எழுந்து தண்ணி எங்க, குட்டி எத்தன, எந்தப் பக்கம் படுக்கும்னு ஒண்ணுவிடாம சொன்னாரு. எல்லாரும் மரியாதையாத்தான் கேட்டாங்க. ஒரு ஆபீசர் படத்த ரெண்டு தரம் பொரட்டிட்டு, மான் எதுலப்பா இருக்குன்னாரு. 'பதிவு இல்லை'ன்னு எழுதிக்கிட்டாங்க.

வெளிய டீக்கடையில நான் நிமுந்தே பாக்கல. திட்டுவாருன்னு காத்திருந்தேன். அண்ணன் கவர வாங்கி மெதுவா ஒவ்வொண்ணா பாத்தாரு. ஊத்துக்குப் பக்கத்துல அவரு நிக்கற படத்த மட்டும் உருவிக்கிட்டு சொன்னாரு: "இத நான் வச்சிக்கிறேன் தம்பி, அந்த எடம் இனிமே இதுலதான இருக்கும்."

மான் இல்லன்னு அவங்க எழுதுனது அன்னிக்குத்தான் பொய்யி, குழி வெட்டி முடிச்சதுக்கப்பறம் அத எந்தக் கேமரா வச்சும் மறுக்க முடியாதுங்க.